கோமதிநாயகத்தின் இரண்டாவது கிட்டார்

பாளையங்கோட்டையில் ஒரு குரு இருந்தாள். வயது இருபத்தாறு. அவளிடம் ஒரு சீடர் இருந்தார். வயது ஐம்பத்தொன்று.

குருவின் பெயர் ஜெபக்கனி. ஒரு தையற்கடைக்கு மேலே அறை எடுத்து கிட்டார் சொல்லிக்கொடுத்து வந்தாள். கீழே மிஷின் ஓடும்போது மேலே தரை லேசாக அதிரும். அந்த அதிர்வையே தாளமாக வைத்துக்கொண்டு மாணவர்கள் வாசிக்கப் பழகியிருந்தார்கள். தையற்காரர் டீ குடிக்கப் போனால் மேலே எல்லோருக்கும் தாளம் தப்பும்.

சீடரின் பெயர் கோமதிநாயகம். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "இது தெளிவா இருக்கா, இல்ல இது தெளிவா இருக்கா?" என்று காலையிலிருந்து மாலைவரை ஊரைக் கேட்பதுதான் அவருடைய தொழில். அவரை யாராவது அப்படிக் கேட்டால் வியர்த்துவிடும். ஓட்டலில் பூரியா தோசையா என்று சர்வர் கேட்டால் மனைவியின் முகத்தைப் பார்ப்பார்.

அவரிடம் ஒரு சிவப்பு எலக்ட்ரிக் கிட்டார் இருந்தது. வாங்கி இரண்டு வருடம் ஆகியும், கடைக்காரர் ஒட்டிக்கொடுத்த கண்ணாடித்தாளை அதன் முகத்திலிருந்து அவர் இன்னும் உரிக்கவில்லை.

ஒருநாள் வகுப்பு முடிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்க அண்ணாச்சி."

"ரெண்டாவதா ஒரு கிட்டார் வாங்கணும். எதை வாங்கட்டும்?"

ஜெபக்கனி கடலை மிட்டாயைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் செல்போனை அவள் முன்னால் நீட்டினார்.

"இது வெலை கம்மி, ஆனா கழுத்து தடிமன். இது கழுத்து மெலிசு, ஆனா நிறம் கத்தரிப்பூ. இந்தா, இது எல்லாமே சரியா இருக்கு. ஆயிரம் பேரு நல்லாருக்குன்னு எழுதியிருக்கான். ஒருத்தன் மட்டும் மோசம்னு எழுதியிருக்கான்."

"யாரு அந்த ஒருத்தன்?"

"தெரியல டீச்சர். ஒரு வாரமா அவன் நெனப்பாவே இருக்கு."

அவள் மிட்டாயை மென்று முடித்தாள்.

"ரெண்டாவது எதுக்கு?"

"கச்சேரி நடுவுல கம்பி அந்துபோச்சுன்னா?"

அவள் மேசை இழுப்பறையைத் திறந்து, சுருட்டி வைத்த கம்பி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அது சரி. ஆனா சத்தமும் வேற வேணும்லா? நம்ம செவப்பு கொஞ்சம் காரமா கத்துது. மெதுவான பாட்டுக்கு எதமா ஒண்ணு வேணும்."

அவள் எட்டி, அவர் மடியிலிருந்த கிட்டாரின் கீழ்ப்பக்கத்துத் திருகு ஒன்றைப் பாதி திருப்பி, கம்பிகளை ஒருமுறை வருடினாள். சத்தம் போர்வைக்குள் போய்ப் படுத்ததுபோல் அடங்கி வந்தது.

கோமதிநாயகம் திடுக்கிட்டார்.

"அது திருகுமா?"

"திருகும்."

"வாங்குன நாள்லேர்ந்து நான் அதத் தொட்டதே இல்ல டீச்சர். எதும் ஆயிருமோன்னு..."

"ஆகாது."

அவர் அந்தத் திருகை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"மேடையில பாக்கதுக்கும் கொஞ்சம் மாத்தி மாத்தி இருந்தா..."

"சட்டைய மாத்திக்கிடுங்க."

கோமதிநாயகம் கம்பியைப் பைக்குள் வைத்தார். கூரையைப் பார்த்தார். மெல்ல மெல்ல அவர் முகம் தெளிந்தது.

"புரிஞ்சுது டீச்சர்."

"என்ன புரிஞ்சுது?"

"போன்ல பாத்து வாங்கக் கூடாது. கடைக்கு நேர்ல போயி, வாசிச்சுப் பாத்துத்தான் வாங்கணும்."

கீழே தையல் மிஷின் நின்றது. ஜெபக்கனி இன்னொரு கடலை மிட்டாயை எடுத்தாள்.

*

கோமதிநாயகத்தின் அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதை அவர் குருவிடம் சொல்லவில்லை.

அவர் ஒரு இசைக்குழுவில் வாசித்து வந்தார். சனிக்கிழமைதோறும் கூடிப் பழகியதால் குழுவுக்குச் 'சனிக்கிழமை' என்றே பெயர் வைத்திருந்தார்கள். பெயர் வைத்தபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. கல்யாண வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக "சனி எதுக்குங்க வீட்டுக்கு?" என்று போனை வைத்த பிறகுதான் தோன்றியது. அதற்குள் பேனர் அடித்தாயிற்று.

டிரம்ஸ் வாசித்தவன் உதுமான். டிரைவிங் ஸ்கூல் நடத்தினான். அவனுடைய கார் ஷெட்டில்தான் பழகுவார்கள். கீபோர்டுக்கு அவனுடைய மச்சான் ஒருவன் வருவான். பாடியவள் லீலாவதி. தபால் நிலையத்தில் கவுன்ட்டரில் இருந்தாள். நேரம் முடிந்ததென்றால் முடிந்ததுதான் என்று எப்பேர்ப்பட்டவரையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நிறுத்திவிடுகிறவள். சொன்னால் சொன்னதுதான்.

லீலாவதியின் புருஷன் சீக்கிரமே இறந்துபோய்விட்டான். ஒரே மகள், உலகம்மாள். எல்லோருக்கும் உலகு.

உலகு கைக்குழந்தையாக இருந்தபோது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தார்கள். பிள்ளை தூங்காது. விடிய விடியத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த லீலாவதி, தானே ஒரு பாட்டுக் கட்டிப் பாடினாள்.

கடைசி பஸ்ஸும் போயாச்சு
கண்டக்டரும் தூங்கியாச்சு
டீக்கடை பாய்லரும் ஆறியாச்சு
என் ஒலகு மட்டும் தூங்கல

அந்த உலகுக்குத்தான் இப்போது கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை.

"வரவேற்புல நாமதான் வாசிக்கோம்" என்று ஒரு சனிக்கிழமை லீலாவதி அறிவித்தாள். "கடைசியில அந்த பஸ் பாட்டப் பாடப்போறேன். மத்த பாட்டு எப்படிப் போனாலும் போகட்டும். அது கெட்டுச்சுன்னா, அதுக்கப்புறம் நான் மைக்கத் தொடமாட்டேன்."

உதுமான் சிரித்தான். லீலாவதி சிரிக்கவில்லை. உதுமானும் நிறுத்திக்கொண்டான்.

அன்றிலிருந்துதான் கோமதிநாயகத்துக்கு இரண்டாவது கிட்டார் ஞாபகமாகவே இருந்தது. அந்தப் பாட்டுக்குத் தன் சிவப்பு கிட்டார் போதாது என்று ஒரு பயம். ஏதோ ஒரு கடையில், தன் பட்ஜெட்டுக்குள், அந்தப் பாட்டுக்கென்றே ஒரு கிட்டார் தொங்கிக்கொண்டிருக்கிறது, தான்தான் அதைக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவோமோ என்று கவலை.

பட்ஜெட் என்று அவர் நினைத்துக்கொண்டது மனைவி சொன்ன ஒரு வார்த்தை. "ஏற்கெனவே ஒண்ணு இருக்கு. ரெண்டாவதுக்கு அதுல பாதிக்கு மேல ஒத்த ரூவா கெடையாது."

*

ஜங்ஷனில் தாவீது என்பவர் வாத்தியக் கடை வைத்திருந்தார். கோமதிநாயகம் குருவைக் கூட்டிக்கொண்டு அங்கே போனார். சிவப்பு கிட்டாரையும் உறையோடு தூக்கிக்கொண்டார்.

"அது எதுக்கு அண்ணாச்சி?" என்றாள் ஜெபக்கனி.

"வீட்டுல தனியா இருக்கும்லா."

கடையில் அவர் ஒவ்வொரு கிட்டாராக எடுத்தார். தூக்கிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பார்த்தார். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மெட்டை மட்டும் வாசித்தார். தாவீது இரண்டு முறை டீ வாங்கி வரச் சொல்லிவிட்டார். முடிவு வரவில்லை.

"ஒண்ணுல மேல்கம்பி நல்லாருக்கு. இன்னொண்ணுல கீழ்க்கம்பி நல்லாருக்கு. ரெண்டையும் சேத்து ஒண்ணு செய்யமாட்டானா தாவீது?"

ஜெபக்கனி ஒரு முக்காலியை எடுத்துச் சுவரைப் பார்த்துப் போட்டாள்.

"அண்ணாச்சி, இங்க உக்காருங்க. திரும்பாதிய. நான் வாசிக்கேன். நீங்க கேட்டுச் சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். சுவரில் ஒரு பல்லி இருந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் முதல் கிட்டாரை வாசித்தாள்.

"மூக்கடைச்ச மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டாவது.

"தகரம்."

மூன்றாவது.

"பரவால்ல. ஆனா மனசுல நிக்கல."

அடுத்ததை அவள் வாசித்தபோது கோமதிநாயகம் முக்காலியில் நிமிர்ந்தார். பல்லி ஓடிவிட்டது.

"இதுதான்! இதுதான் டீச்சர்! இத்தனை நாளும் இதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். என்ன ஒரு எதம், என்ன ஒரு கனம்! தாவீது, இது என்ன வெலைன்னாலும் சரி, வீட்டுல நான் பேசிக்கிடுதேன்!"

தாவீது இருமினார்.

கோமதிநாயகம் திரும்பினார். ஜெபக்கனியின் மடியில் சிவப்பு கிட்டார் இருந்தது. கண்ணாடித்தாள் வெளிச்சத்தில் பளபளத்தது.

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். அதே கிட்டார்தான்.

"அப்போ என் காது சரியாத்தான் இருக்கு" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"அன்னைக்கே நான் நல்லதாத்தான் வாங்கியிருக்கேன்."

"ஆமா."

அவர் வெகுநேரம் யோசித்தார். ஜெபக்கனி காத்திருந்தாள். தாவீதும் கல்லாப்பெட்டியில் சாய்ந்து காத்திருந்தார்.

"அப்போ டீச்சர், ரெண்டாவதா வாங்குதது இது மாதிரியே இருக்கணுமா, இல்ல இது மாதிரி இல்லாம இருக்கணுமா?"

தாவீது உட்கார்ந்துவிட்டார்.

"நீங்களே கையக் காட்டிருங்க டீச்சர்" என்று கோமதிநாயகம் கெஞ்சினார். "நீங்க எதக் காட்டுதியளோ அது. கேள்வியே கேக்கமாட்டேன்."

ஜெபக்கனி உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, பக்கத்தில் தொங்கிய ஒன்றைத் தொட்டாள். நீல நிறம். யாரோ ஒரு கல்லூரிப் பையன் வாசித்துவிட்டு விற்றுப்போனது. முதுகில் ஒரு கீறல், மேலே தூசி.

"ஏன் டீச்சர் அது?"

"கைக்கு எட்டுச்சு."

கோமதிநாயகத்துக்குப் புல்லரித்தது. மறுபேச்சில்லாமல் வாங்கினார். மனைவி சொன்ன பாதிக்குள்ளேயே அடங்கியது. அதுவும் ஓர் அறிகுறி என்று அவருக்குப் பட்டது.

*

அடுத்த சனிக்கிழமை அவர் உதுமானிடம் விளக்கினார்.

"'கைக்கு எட்டுச்சு'ன்னு சொன்னாவ பாரு, அது லேசுப்பட்ட வார்த்த இல்ல. எட்டாததுக்கு ஆசப்படாதன்னு ஒரு அர்த்தம். வாசிக்கது கைதான், மண்டை இல்லன்னு ஒரு அர்த்தம். அப்புறம் எட்டு. எட்டுன்னா..."

"எங்க ஸ்கூல்லயும் எட்டு போட்டாத்தான் லைசென்ஸ்" என்றான் உதுமான்.

"வெளையாடாத."

"அண்ணாச்சி, நான் டீச்சர்கிட்டயே கேட்டேன். நெசமாவே அதுதான் பக்கத்துல தொங்குச்சாம்."

கோமதிநாயகம் அவனைக் கருணையோடு பார்த்தார்.

"அதுலதான் உதுமான் ஆழமே இருக்கு."

*

வரவேற்பு நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பேனரைப் பார்த்து முகம் சுளிக்கக் கூடாது என்று லீலாவதி அதன் முன்பகுதியை மாலையால் மறைத்திருந்தாள். 'கிழமை இசைக்குழு' என்று மட்டும் தெரிந்தது.

கோமதிநாயகம் இரண்டு ஸ்டாண்டுகள் கொண்டுவந்தார். இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் நீலம். நடுவில் அவர், புதுச் சட்டையோடு. எந்தப் பாட்டுக்கு எந்த கிட்டார் என்று ஒரு வாரமாகத் திட்டமிட்டிருந்தார். சில பாட்டுகளுக்கு ஆரம்பம் ஒன்றில், மீதி மற்றொன்றில் என்றும் வைத்திருந்தார்.

ஆனால் ஒரு கிட்டாரைக் கழற்றி இன்னொன்றை மாட்டுவது அத்தனை சுலபமாக இல்லை. வார் காதில் சிக்கியது. கண்ணாடி கீழே விழுந்தது. ஒயரைப் பிடுங்கிச் செருகவேண்டும், சுருதி பார்க்கவேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் குனியும்போது உதுமான் டிரம்ஸை விடாமல் அடித்து இடைவெளியை நிரப்பினான். முதலில் கூட்டம் கைதட்டியது. நாலாவது பாட்டுக்குப் பிறகு தட்டவில்லை. ஒரு குழந்தை மட்டும் அவர் குனியும்போதெல்லாம் குதூகலித்தது.

முன்வரிசையில் ஒரு பெரியவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். "நடுவுல நிக்காரே, அவருக்கு இடுப்புல எதும் கோளாறா?"

உதுமானின் சட்டை நனைந்துவிட்டது. அவன் அடித்துக்கொண்டே கழுத்தை நீட்டினான்.

"அண்ணாச்சி, ஓடுத வண்டியில இருந்து எதுக்கு இன்னொரு வண்டிக்குத் தாவுதிய?"

"இன்னும் ஒரே ஒரு தடவ" என்றார் கோமதிநாயகம்.

கடைசிப் பாட்டு வந்தது.

லீலாவதி மைக்கின் முன்னால் வந்து நின்றாள். பட்டுப்புடவையில் அவள் கவுன்ட்டரில் இருக்கும் லீலாவதி மாதிரி இல்லை. மேடையின் ஓரத்தில் மாப்பிள்ளையோடு சோபாவில் உட்கார்ந்திருந்த உலகு, என்ன வரப்போகிறது என்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தாள்.

கோமதிநாயகத்தின் தோளில் நீல கிட்டார் இருந்தது. இந்தப் பாட்டுக்கு அதுதான் என்று ஒரு வாரத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது. சரியாக அந்த நேரத்தில் அவருக்கு ஓர் எண்ணம் வந்தது. இத்தனை பெரிய மண்டபத்தில் நீலத்தின் சத்தம் அமுங்கிப்போய்விட்டால்?

அவர் நீலத்தின் ஒயரைப் பிடுங்கினார். ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து 'டொப்' என்று ஒரு சத்தம் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. நீலத்தைத் தோளிலிருந்து கழற்றிப் பிடித்துக்கொண்டு சிவப்பை எட்டி எடுத்தார். பிடுங்கிய ஒயர் மேடைக்குக் கீழே நழுவியது.

லீலாவதி காத்திருக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, துணைக்கு ஒன்றுமில்லாமலே ஆரம்பித்துவிட்டாள்.

"கடைசி பஸ்ஸும் போயாச்சு..."

அங்கே குரல் நின்றது.

மைக்கை இறுக்கிப் பிடித்தாள். வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தாள்.

மண்டபத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. பந்தியில் தண்ணீர் வைக்கிறவன்கூட நின்று பார்த்தான். யாரோ ஒருவர், "தண்ணி குடுங்கப்பா அந்த அம்மாவுக்கு" என்றார்.

கோமதிநாயகம் கைக்கொன்றாக இரண்டு கிட்டார்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டிலும் ஒயர் இல்லை. காலுக்குக் கீழே மேடை திறந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அவருக்கு முன்னால் லீலாவதியின் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. சொன்னால் சொன்னதுதான்.

ஜெபக்கனி அப்போது பந்தியில் இருந்தாள். இலையை மூடிவிட்டு எழுந்து, கழுவிய கையின் ஈரத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே வந்தாள். மேடையின் கீழே கிடந்த ஒயரை எடுத்தாள். படியேறினாள். கோமதிநாயகத்தின் ஒரு கையிலிருந்த கிட்டாரை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு ஒயரைச் செருகினாள். கீபோர்டுக்காரனின் பெட்டியிலிருந்து இன்னொரு ஒயரை எடுத்து, மிச்சமிருந்த கிட்டாரில் செருகி அவர் கழுத்தில் மாட்டினாள். எல்லாவற்றையும் பாத்திரம் ஒதுங்கவைப்பதுபோல் சாவதானமாகச் செய்தாள்.

"ரெண்டே கார்டு அண்ணாச்சி. மாத்தி மாத்தி. என்ன ஆனாலும் நிக்காதிய."

அவள் ஆரம்பித்தாள். அவரும் ஆரம்பித்தார்.

இரண்டு கார்டு, விரல்களுக்கு இரண்டே பிடி. ஒன்று, பிறகு மற்றது. மறுபடி முதலாவது. பெரிதாக ஒன்றுமில்லை. யாரோ பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் அங்கும் இங்கும் நடக்கிற மாதிரி இருந்தது. உதுமான் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் தட்டினான்.

லீலாவதி பாடவில்லை. அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

இன்னும் பாடவில்லை. கோமதிநாயகம் அவள் முதுகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நிறுத்தினால் அவள் விழுந்துவிடுவாள் என்று அவருக்கு ஏனோ தோன்றியது. அதனால் நிறுத்தவில்லை. அவர் விரலில் கம்பி அழுந்தி வலித்தது. கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்துவிட்டது. அதை ஏற்றிவிடக்கூடக் கை எடுக்கவில்லை.

அப்போது மைக் இல்லாத ஒரு குரல் கேட்டது.

"கண்டக்டரும் தூங்கியாச்சு..."

உலகு. சோபாவிலிருந்து எழுந்துவிட்டாள். கழுத்தில் மாலை கனத்தது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் புடவையைத் தூக்கிக்கொண்டு, மேடையைக் கடந்து அம்மாவிடம் வந்தாள்.

"டீக்கடை பாய்லரும் ஆறியாச்சு..."

லீலாவதி கண்ணைத் திறந்தாள். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். அம்மாவின் கைமேல் கை வைத்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். கடைசி வரியை மட்டும் மாற்றிப் பாடினாள்.

"எங்கம்மா மட்டும் தூங்கல."

லீலாவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சிரிப்பு முந்திக்கொண்டது. அந்தச் சிரிப்போடேயே பாட்டை மேலே எடுத்தாள். இந்தமுறை முதலடியிலிருந்து, முழுக்குரலில். மகள் கூடவே பாடினாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் குடியிருந்த பழைய அண்டை வீட்டுப் பெண்கள் இரண்டுபேர் கூட்டத்திலிருந்து எழுந்து பாடினார்கள். அவர்களுக்கும் அந்தப் பாட்டு மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. எத்தனையோ ராத்திரி அவர்களையும் தூங்கவிடாத பாட்டு அது.

மாப்பிள்ளை எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த போட்டோகிராபர் அதையும் படம் எடுத்தார்.

பாட்டு முடிந்தது. முடிந்தது தெரியாமல் கோமதிநாயகம் இன்னும் இரண்டு சுற்று வாசித்தார். ஜெபக்கனி அவர் கம்பிகளின்மேல் உள்ளங்கையை வைத்த பிறகுதான் நின்றார்.

*

கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. உதுமானின் மச்சான் பேனரை அவிழ்த்துச் சுருட்டினான். மேடையில் மாலையிலிருந்து உதிர்ந்த பூவும் ஒயர்களும் கலந்து கிடந்தன.

லீலாவதி வந்தாள். கண்ணெல்லாம் மை. கோமதிநாயகம் எழுந்து நின்றார். தான் செய்த கூத்துக்கெல்லாம் சேர்த்து இப்போது வாங்கப்போகிறோம் என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"அடுத்த சனிக்கெழம மூணு மணிக்கே வந்துருங்க" என்றாள் லீலாவதி. "புதுசா ரெண்டு பாட்டு எடுக்கணும்."

"சரிங்க."

"சாப்ட்டியளா?"

"இனிமேதான்."

"போய்ச் சாப்பிடுங்க. இடுப்பு வலிக்குமே."

அவள் போன பிறகும் அவர் அப்படியே நின்றார். ஜெபக்கனி ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு கிட்டார்களும் ஜமுக்காளத்தின்மேல் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருந்தன.

கோமதிநாயகம் குனிந்து இரண்டையும் பார்த்தார். சிவப்பைத் தொட்டார். நீலத்தைத் தொட்டார். இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருந்தன.

"டீச்சர்."

"சொல்லுங்க அண்ணாச்சி."

"அந்தப் பாட்டுக்கு வாசிச்சோம்லா. அப்போ ஒரு சத்தம் வந்துச்சு. என் ஆயுசுல நான் அப்படி ஒரு சத்தம் கேட்டதில்ல."

"ம்."

"அப்போ என் கையில இருந்தது நீலமா, செவப்பா? நெசமாவே எனக்கு ஞாபகம் இல்ல. தெரிஞ்சுதுன்னா இனி அந்தப் பாட்டுக்கு அதையே வச்சுக்கிடலாம்." அவர் குரல் தாழ்ந்தது. "சரி, அது வேண்டாம். ஒங்க கையில இருந்தது எதுன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் கண்டுபிடிச்சுக்கிடுதேன்."

ஜெபக்கனி ஒயரைச் சுருட்டுவதை நிறுத்தினாள். அவருக்காக உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள்.

"நான் பாக்கல அண்ணாச்சி. அக்கா பாடுததக் கேட்டுக்கிட்டிருந்தேன்."